தனி அறை 600, கூட்டத்தோடு 400

காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவன் நான். நிலை, கதவு, தூண், எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் பிழைப்பு. குதிரை மட்டும் ஆசை. மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனவன், ஒரு செவலைப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் செவத்தி. குடோனுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் வில்வண்டி நின்ற கொட்டகை சும்மாதான் கிடந்தது, அதில் கட்டினேன். "கொட்டகை சும்மா கிடக்குதேன்னு குதிரை வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தை மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். மதுரையில் மகள் வீட்டில் தங்க வேண்டும், தூசி, வைக்கோல் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். செவத்தியை யாரிடம் விடுவது? அப்படி விசாரித்துக் கிடைத்ததுதான் இந்த லாயம். நம் ஊரிலிருந்து மொபெட்டில் அரை மணி நேரம். அவர்களுக்குச் சொந்தமாகக் குதிரைகள் உண்டு. சவாரி சொல்லித் தருகிறார்கள், கல்யாணத்துக்குச் சாரட்டு விடுகிறார்கள், கூடவே வெளியார் குதிரைகளை நாள் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பெயரை எழுதவில்லை. பணம் விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. அது தீராமல் பெயர் போட்டு எழுதினால் வஞ்சம் தீர்த்த மாதிரி ஆகும்.

முதல் நாள் அலுவலகத்தில் ஒரு அட்டையைக் காட்டினார்கள். 'தனி அறை, மின்விசிறியுடன், நாளொன்றுக்கு 600 ரூபாய். மற்ற குதிரைகளுடன் திறந்த வளாகம், 400 ரூபாய்.' தீவனம் இரண்டிலும் சேர்த்தி. லாட்ஜில் ரூம் போடுகிற புத்திதானே நமக்கு. ஏசி இல்லாத ரூமில் பொண்ணை விட்டுவிட்டுப் போவதா என்று 600 ரூபாய்க்கே எழுதச் சொன்னேன். அதுவும் பாவம், ஊர் பேர் தெரியாத குதிரைகளோடு எப்படி ஒத்துப்போகும்? மூன்று வருடமாக என் குரல் தவிர வேறு குரல் கேட்டதில்லை. காலையில் ஐந்தரைக்கு என் டிவிஎஸ் எக்ஸ்எல் தெருமுனை திரும்பும்போதே கொட்டகைக்குள் இருந்து தொண்டைக்குள் உருட்டுகிற மாதிரி ஒரு கனைப்பு வரும். தெருவில் எத்தனை எக்ஸ்எல் ஓடினாலும் அதற்குத் தெரியும் எது என்னுடையது என்று. இதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் ஆரம்பத்திலேயே கேட்டார். எண்பது வயதுக்காரர். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில், அவ்வளவு பெரிய வீட்டில் ராத்திரி தங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்; பிள்ளைகள் சிங்கப்பூரில். செவத்தியைக் குட்டி யானை வண்டியிலிருந்து இறக்கும்போது வாசலில் நின்று பார்த்தவர், "ஒத்தக் குதிரையா தம்பி? ராத்திரிக்கு அது யாரோட இருக்கும்?" என்றார். குட்டி யானையில் வந்த குதிரை என்று நான் ஏதோ சிரிப்பு சொல்லி அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டேன்.

சரி, லாயத்துக்கு வருகிறேன்.

தீவனத்தில் குறை சொல்ல முடியாது. கொள்ளை முதல் நாள் இரவே ஊறப்போட்டு மறுநாள் வேகவைத்து ஆறவைத்துத்தான் கொடுக்கிறார்கள். பச்சைப்புல்லும் வைக்கோலும் நாள் முழுக்கக் கிடைக்கிற மாதிரி ஐந்தாறு இடத்தில் பிரித்துப் போடுகிறார்கள். குதிரை மாடு மாதிரி இல்லை. வேகமாகத் தின்றுவிட்டு உட்கார்ந்து அசைபோடாது. சின்ன இரைப்பை, கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதற்கு வராது, வயிற்று வலியில் புரண்டு செத்தே போகும். வேளைக்கு ஒரு கூடை என்று கொட்டிவிட்டுப் போகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். என் கொட்டகையும் அதில் ஒன்று என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியைத் தினம் கழுவுகிறார்கள். நிழலுக்கு இரண்டு பெரிய புளியமரம். கிழக்குப் பக்க வேலி மட்டும் முள்கம்பி. அதை மாற்றியே ஆக வேண்டும். மிரண்டு ஓடுகிற குதிரைக்கு முள்கம்பி கண்ணில் படாது. மாட்டிக்கொண்டால் காலைக் கிழித்துவிடும். சொன்னேன். "பட்ஜெட் சார்" என்றார் மேலாளர்.

இந்த இடத்தில் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று என்றால் லாயத்தில் வேலை செய்கிற தம்பிதான். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்றாம் நாள் காலை எனக்கு போன் செய்தான். ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க குதிரைய வெளிய விட்டுட்டேன்."

"ஏண்டா தம்பி? தனி ரூமுக்குத்தானே காசு கட்டினேன்?"

"அது ரூமுல நிக்கலண்ணே. ரெண்டு நாளா சுத்திச் சுத்தி வருது. கதவ உதைக்குது. வெளிய குதிரைங்க போனா ஒடம்பெல்லாம் வேர்த்துப் போகுது. நேத்து அந்த வெள்ளையன வேலிக்கு அந்தாண்ட நிறுத்திப் பாத்தேன். அதோட மூக்க வச்சிட்டு நின்னுச்சு. அப்புறந்தான் விட்டேன்."

மேலாளரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை, விட்டுவிட்டான். எனக்குக் கோபம்தான். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னேன். நான்கு குதிரைகள் தெரிந்தன. கல்யாண ஊர்வலத்துக்குப் போய்ப் போய் ஓய்ந்த ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை, காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற ஒரு மார்வாரிப் பெட்டை, ஒரு மட்டக்குதிரை, நம்ம செவத்தி. மார்வாரிக்காரி செவத்தியைத் துரத்திப் பின்தொடையில் ஒரு கடி கடித்தாள். செவத்தி கீச்சென்று கத்தி முன்னங்காலால் தரையை அடித்தது. பார்க்கிற எனக்கு நெஞ்சு அடைத்தது. "அது பேச்சுவார்த்தைண்ணே" என்றான் தம்பி. தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் யார், அடுத்து யார் என்று முடிவாகிவிட்டால் சண்டை நின்றுவிடுமாம். இரண்டே நாளில் முடிவானது. செவத்திக்கு மூன்றாவது இடம். மட்டக்குதிரையை ஜெயித்துவிட்டது.

ஆவுடையார்கோயில் பக்கத்தில் பிறந்த எங்கள் அப்பா நரி பரியான கதையைச் சொல்லும்போது, ராத்திரியில் பரியெல்லாம் மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிய இடத்தை மட்டும் கை கால் ஆட்டி நடித்துக் காட்டுவார். புதிதாக வந்ததை அன்றைக்கே பழையதோடு கட்டிய பாண்டியன் ஆட்களைச் சொல்ல வேண்டும். எங்கள் தம்பி ஒரு நாள் வேலியை நடுவில் வைத்துப் பழக்கியிருக்கிறான்.

பத்தொன்பதாவது நாள் போனேன். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. வளாகத்துக் கதவருகே நின்றேன். செவத்தி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது, மூக்கால் புர்ரென்று ஊதியது, இரண்டடி பின்னே போனது. என்னைத் தெரியவில்லை! மூன்று வருடம் தோளில் சுமக்காத குறை. தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் "செவத்தீ" என்று கூப்பிட்டேன். முதலில் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் வலது காது. அப்புறம் தலை. நேராக வந்து கண்ணாடியை முகர்ந்து, சட்டைப் பையை முகர்ந்து, அந்தப் பழைய தொண்டை உருட்டலை ஒன்று கொடுத்தது. கேரட்டைத் தின்றது. பிடரி மயிருக்குள் விரலை விட்டு, கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் சொறிந்தேன். உதடு நீண்டு துடித்தது. அதற்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

எல்லாம் இரண்டு நிமிடம். கேரட் தீர்ந்தது. புளியமரத்தடியில் வெள்ளையன் கனைத்தான். செவத்தி திரும்பி, ஓடவெல்லாம் இல்லை, கடைக்குப் போகிற ஆள் மாதிரி நடந்து போய் வெள்ளையன் பக்கத்தில் தலைமாற்றி நின்றது. இதன் வால் அதன் முகத்துக்கு, அதன் வால் இதன் முகத்துக்கு. இரண்டுக்கும் ஈ ஓட்ட ஒரே நேரத்தில் விசிறி. நாளுக்கு 600 ரூபாய் வாங்கிய அறையில் இருந்த மின்விசிறியைவிட அது நன்றாக வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் அது இதன் முதுகு மேட்டையும் இது அதன் முதுகு மேட்டையும் பல்லால் கடித்துச் சொறிய ஆரம்பித்தன. நான் சொறிந்த அதே இடம்!

அப்போதுதான் கவனித்தேன், செவத்தியின் இடது விலா முழுக்கச் செம்மண். கன்னத்தில்கூட மண். விழுந்துவிட்டதா என்று பதறிக் கேட்டேன். "படுத்துத் தூங்கியிருக்குண்ணே. தினமுந்தான்" என்றான் தம்பி.

மூன்று வருடத்தில் என் கொட்டகையில் அது படுத்து நான் பார்த்ததில்லை. குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை நம்பியிருந்தேன்.

என் தம்பி மகள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அன்று இரவு அவளிடம் சொன்னேன். முதல் கேள்வியே, "பெரியப்பா, அதுக்கு முன்னங்கால் மூட்டுல, குளம்புக்கு மேல, முன்பக்கமா தழும்பு இருக்கா?" என்றாள். இருந்தது. சரளைக் கல்லில் இடறியிருக்கும் என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விளக்கியது இது: நின்றபடி குதிரை தூங்குவது அரைத் தூக்கம். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நிற்க முடியும். ஆனால் கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடும், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். நாளைக்கு அரை மணி, முக்கால் மணி போதும், ஆனால் அது இல்லாமல் முடியாது. கூட்டத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் பார்க்கும். தனியாக இருக்கிற குதிரைக்குக் காவல் யார்? பயத்தில் படுக்காது. நாள் கணக்கில் படுக்காமல் போனால் நின்றபடியே ஆழ்ந்த தூக்கம் வந்து முன்னங்கால் மடங்கும், மூட்டு தரையில் இடிக்கும், திடுக்கிட்டு எழும். அந்தத் தழும்புதான் இது.

நான் போனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரியப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

அடுத்து கொட்டகையின் கதவு நிலைக்கு வந்தாள். கொட்டகை நிலை பர்மா தேக்கு. விற்றால் 18,000 ரூபாய் போகும். செவத்தி அதைப் பல்லால் கவ்விக் கவ்வி ஒரு முழத்துக்குக் கடித்துப் பள்ளமாக்கி வைத்திருந்தது. தேக்கு ருசி கண்டுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடைத்து வைத்த குதிரைக்கு, மேயவும் இல்லாமல் துணையும் இல்லாமல் போனால் வருகிற பழக்கமாம் அது. சில குதிரைகள் நின்ற இடத்தில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் 2002இல் வந்த ஓர் ஆய்வில், அப்படி ஆடுகிற குதிரைகளின் அறையில் கண்ணாடி மாட்டியதும் ஆட்டம் வெகுவாகக் குறைந்ததாம். எதிரில் இன்னொரு குதிரை தெரிகிறதே. என் குடோனில் ஏழு பெல்ஜியம் கண்ணாடி கிடக்கிறது, ஒன்றை மாட்டட்டுமா என்றேன். "உதைச்சா உடைஞ்சு காலைக் கிழிக்கும். ஏன் பெரியப்பா, நிஜக் குதிரை கிடைக்காதா?" என்றாள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே போட்டுவிட்டார்களாம்: குதிரை இன்னொரு குதிரையைப் பார்க்க, கேட்க, முகர முடிகிற மாதிரிதான் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் மனிதன் வெறும் கேரட்டா என்று கேட்டேன். ரோஷம்தான். இல்லை என்றாள். ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தில், வாளிக்குள் கேரட்டைப் பூட்டி வைத்துவிட்டால் குதிரை தன்னைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் வந்து முகத்தைப் பார்க்கும், தொடும், தள்ளும் என்று கண்டிருக்கிறார்கள். மனிதனைத் தீனி போடுகிற கையாக மட்டும் இல்லை, உதவி கேட்கத் தகுந்த ஆளாகவும் குதிரை பார்க்கிறது என்று அர்த்தமாம். அதைவிட எனக்குப் பிடித்தது அவள் சொன்ன பிரான்ஸ் சங்கதி. காமார்க் குதிரைகளை வைத்து 1993இல் வெளியான ஆய்வு. குதிரைகள் ஒன்றையொன்று சொறிகிற அந்த முதுகு மேட்டில் மனிதன் கையால் சொறிந்தாலே அவற்றின் இதயத் துடிப்பு குறைந்ததாம். ஆக, என் விரலுக்கும் மரியாதை உண்டு. ஆனால் என் விரல் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். மிச்சம் இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம் நான் அங்கே இல்லை. இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. என் மனைவி போட்டிருக்கிறாள்: "குதிரைகிட்ட பேசுறதுல பாதி எங்கிட்டப் பேசியிருந்தா எனக்கும் முதுகு சொறிய ஆள் கிடைச்சிருக்கும்."

நம் பக்கத்தில் புரவி எடுப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். வேளார் செய்து கொடுத்த மண் குதிரைகளை ஊரே தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் வைக்கும். பழைய குதிரை காது உடைந்து, கால் கரைந்து நின்றாலும் எடுக்க மாட்டார்கள். அதன் பக்கத்திலேயே புதியதை நிறுத்துவார்கள். வரிசை வரிசையாக நிற்கும். மண் குதிரைக்கே துணை வைக்கிற ஊரில் உயிருள்ள ஒன்றை மூன்று வருடம் ஒற்றையாகக் கட்டி வைத்திருந்தேன்.

இனி என் வழக்கு. பில் 11,400 ரூபாய். பத்தொன்பது நாளும் 600 ரூபாய்க் கணக்கு. செவத்தி தனி அறையில் இருந்தது இரண்டு நாள்தான். மிச்சம் பதினேழு நாளும் 400 ரூபாய் வளாகத்தில். நியாயமாக 8,000. மிச்சம் 3,400 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், "ரூம் உங்க பேர்லதான் சார் புக் ஆகியிருந்துச்சு, வேற யாருக்கும் கொடுக்கல" என்கிறார்கள். லாட்ஜ் புத்தி எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. இன்னொன்று: நான் மதுரையில் இருந்தபோது, வீடு பார்க்க வந்த சுற்றுலாக்காரர் ஒருவரின் மகனை ஏற்றி செவத்தியோடு படம் எடுக்க விட்டிருக்கிறார்கள். எனக்கே வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது அந்தப் படம். பையன் நன்றாகத்தான் சிரிக்கிறான், செவத்தியும் காதை முன்னால் வைத்து நிற்கிறது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

ஆக, குதிரை வைத்திருக்கிறவர்கள் தாராளமாக இங்கே விடலாம். அட்டையில் குறைந்த விலையில் இருப்பதையே எடுங்கள். அட்டையே தலைகீழாக எழுதியிருக்கிறது. குதிரையைக் கேட்டு விலை போட்டிருந்தால் வளாகத்துக்குத்தான் 600 போட்டிருக்க வேண்டும். விடுவதற்கு முன் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு நாளாவது பழக்கச் சொல்லுங்கள். லாயத்துத் தம்பி கையில் நேரடியாக ஏதாவது கொடுங்கள், அலுவலகம் வழியாகப் போனால் அவனுக்குப் போய்ச் சேராது. குதிரையைப் படம் எடுக்க விடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். மூன்று தம்பிக்கு, அரை கொள்ளுக்கு.

செவத்தியை நான் இன்னும் கூட்டி வரவில்லை. ஆடி பிறந்ததும் அந்தியூர் போய் அதற்குத் துணையாக ஒரு மட்டக்குதிரை பார்க்க வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பொட்டலைச் சுற்றி வேலி போட ஆள் சொல்லியிருக்கிறேன், முள்கம்பி இல்லாமல். அதுவரை லாயத்திலேயே இருக்கட்டும் என்று மாதம் 9,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் எக்ஸ்எல்லில் போய் வருகிறேன். செவத்தி வருகிறது, கனைக்கிறது, தின்கிறது, போகிறது. அந்த 3,400 ரூபாயை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். "மாசக் கணக்குல பாத்துக்கலாம் சார்" என்றார் மேலாளர். எந்த மாசம் என்று மட்டும் சொல்லவில்லை.